ஒரு ஹோஸ், இரண்டு சத்தம்: பெல்ட் பக்கத்து இரைச்சலைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2013ஆம் வருட டீசல், ஏழு பேர் உட்காரக்கூடியது. எங்கள் பட்டறைக்கு வந்த அன்று மீட்டர் 2,38,000 கி.மீ. காட்டியது. ஓட்டுபவரே ஓனர். காட்பாடிக்காரர், வயது நாற்பதை ஒட்டி. வேலூரில் டாக்ஸி வைத்திருக்கும் பலரைப் போல அவருக்கும் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் சவாரி. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களைக் காட்பாடி ஜங்ஷனிலிருந்து லாட்ஜில் கொண்டுபோய் விடுவார். ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவர்களைச் சென்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போவார். இதற்காகவே இந்தியும் கொஞ்சம் பெங்காலியும் கற்றுக்கொண்டவர்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தையல் பிரிக்காத வயிற்றோடு பின் சீட்டில் சாய்ந்து வருகிறவருக்கு, எஞ்சினிலிருந்து வரும் 'கீ' என்ற சத்தம் வெறும் தொந்தரவு இல்லை, பயம். வண்டி வழியில் நின்றால் அவரால் இறங்கி நிழலுக்குக்கூட நடக்க முடியாது. அதனால் இந்த வண்டியில் "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம்" என்று சொல்வதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்களிடம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடி 'கிறீச்' என்று கத்தியிருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று துணி சோப்பை பெல்ட்டில் தேய்த்திருக்கிறார். இரண்டு நாள் அடங்கி, மறுபடியும் வந்திருக்கிறது. வேறொரு பட்டறையில் இரண்டு பெல்ட்டையும் மாற்றி, நன்றாக இறுக்கிக் கொடுத்தார்கள். கிறீச் சத்தம் அதோடு நின்றது. ஒன்றரை மாதம் கழித்து வேறு சத்தம் ஆரம்பித்தது. மெல்லிய 'கீ', ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிறது. திரும்பப் போய்க் காட்டியபோது, பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டு, "ஸ்டியரிங் பம்ப் போச்சு, ரீகண்டிஷன் பம்ப் போட 9,500 ஆகும்" என்றிருக்கிறார்கள். அந்தப் பணத்தைப் புரட்டுவதற்கு முன் இன்னொருவரிடம் கேட்போம் என்று சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தார். கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது.

"இன்னா சத்தம்னே புரியலண்ணா. ரவுண்டானால திருப்பும்போது ஒரு மாதிரி கீது, ஹைவேல வேற மாதிரி கீது" என்றார். இந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருந்தது. அன்று நான் அதை முழுதாகக் காதில் வாங்கவில்லை.

எஞ்சினின் அமைப்பு

இந்த எஞ்சினின் முன்பக்கம் இரண்டு பெல்ட் ஓடுகிறது. வெளிப் பெல்ட் பவர் ஸ்டியரிங் பம்பையும் ஏசி கம்ப்ரசரையும் சுற்றுகிறது. உள் பெல்ட் டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் பட்டறையில் அது டைனமோதான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பிரேக்குக்கான வேக்கம் பம்பும் டைனமோவின் வாலில்தான் இருக்கிறது. இரண்டு பெல்ட்டுக்கும் தானாக இறுக்கம் பார்த்துக்கொள்ளும் ஆட்டோ டென்ஷனர் கிடையாது. உள் பெல்ட்டுக்கு டைனமோவை நெம்பித் தள்ளி போல்ட்டை முடுக்குவதுதான் டென்ஷன். எவ்வளவு நெம்புவது என்பது நெம்புகிறவர் கையைப் பொறுத்தது.

டைனமோ எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. எஞ்சின் தண்டின் முனையில் உள்ள கிராங்க் புல்லியின் விட்டம் 150 மி.மீ., டைனமோ புல்லி 55 மி.மீ. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் டைனமோ 2.7 சுற்று. ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் டைனமோ 2,180. ஹைவேயில் 2,500 என்றால் 6,800க்கு மேல். அதே வேகத்தில் இரண்டரை மணி நேரம் ஓடியதாக வைத்துக்கொண்டால், சென்னைக்கு ஒருமுறை போவதற்குள் டைனமோ பேரிங் பத்து லட்சம் சுற்றைத் தாண்டிவிடும்.

முதல் நாள் பார்த்தது

சத்தத்தில் வகை உண்டு. 'கிறீச்' என்று நீளமாகக் கத்தினால் பெரும்பாலும் பெல்ட் வழுக்குகிறது. குருவி கத்துவதுபோல் விட்டு விட்டு வந்தால் புல்லி ஒன்று நேர்கோட்டில் இல்லை. சுதி மாறாமல் 'கீ' என்றோ 'ஙொய்' என்றோ வந்து, ஆர்.பி.எம். ஏறும்போது தானும் ஏறினால் பேரிங், ஸ்டியரிங் பம்ப், டைனமோ மூன்றில் ஒன்று. டர்போவும் விசில் அடிக்கும், ஆனால் அது வண்டி பாரம் இழுக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். நிறுத்தி வைத்து ரேஸ் கொடுத்தாலே இந்த வண்டி கத்தியது, அதனால் டர்போவைப் பின்னுக்குத் தள்ளினோம்.

முதலில் தண்ணீர் சோதனை. ஐட்லிங்கில் ஓடவிட்டு, பெல்ட்டின் கோடு போட்ட பக்கத்தில் பாட்டிலிலிருந்து சில துளி விட வேண்டும். குருவிச் சத்தம் நின்று திரும்ப வந்தால் நேர்கோட்டுக் கோளாறு. கிறீச் சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை. இரண்டு பெல்ட்டிலும் விட்டோம், 'கீ' சத்தம் அசையவில்லை. ஆக, பெல்ட்டின் மேற்பரப்பில் குறை இல்லை.

அடுத்து ஸ்டியரிங். நின்ற இடத்தில் இடமும் வலமும் திருப்பியபோது, திருப்பத் திருப்ப 'ஙொய்ய்' என்று முனகல் பெரிதானது. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஆயில் சிவப்பாகத் தெரியவில்லை. ஸ்டிராபெரி பால்போல் வெளுத்து, நுரை கட்டி, பொடிக் குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. காற்று கலந்த ஆயிலை அழுத்தும்போது பம்ப் முனகும். பம்ப் நன்றாக இருந்தாலும் முனகும்.

காற்று எங்கிருந்து நுழைகிறது? கீழே சொட்டு ஆயில்கூட இல்லை. டப்பாவிலிருந்து பம்புக்கு இறங்கும் ஹோஸ் உறிஞ்சுகிற பக்கத்து ஹோஸ், அதில் அழுத்தம் கிடையாது. எஞ்சின் ஓடும்போது அதில் விரிசலோ தளர்ந்த கிளிப்போ இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இதனால்தான் "லீக் எதுவும் இல்லையே" என்று பலர் ஏமாறுகிறார்கள். ஹோஸைக் கையால் நெரித்தேன், மரக்கட்டைபோல் இறுகியிருந்தது. கிளிப்பைத் திருப்புளியால் தொட்டதுமே சுழன்றது.

முதல் முடிவும் அதில் செய்த பிழையும்

ஹோஸ், கிளிப் இரண்டையும் மாற்றினோம். பழைய ஆயிலை வடித்து, டப்பாவின் அடியில் உள்ள வலையைக் கழுவினோம். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை நிறுத்தியபடியே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக இருபது முறை திருப்பிக் காற்றை வெளியேற்றினோம். எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை எடுத்தால் ஆயில் மறுபடி நுரைக்கும். முழுக்கத் திருப்பிய நிலையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைப்பதும் கூடாது, பம்ப் அப்போது உச்ச அழுத்தத்தில் நிற்கிறது. எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய்.

திருப்பும்போது வந்த முனகல் முற்றிலும் போனது. நேராக வைத்து ரேஸ் கொடுத்தால் மட்டும் மெல்லிசாக ஏதோ கேட்டது. பட்டறையில் வேலை பழகும் பையன் அதைக் கவனித்து, "அண்ணா, இன்னும் கொஞ்சம் கீதுண்ணா" என்றான். "உள்ள இன்னும் கொஞ்சம் காத்து நிக்கும்ப்பா, ரெண்டு நாள் ஓடினா சரியாயிடும்" என்றேன்.

இதுதான் என் பிழை. அப்படி மிச்சக் காற்று தானாக வெளியேறுவது உண்மைதான், அதனாலேயே அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. நான் கண்டுபிடித்த கோளாறு உண்மையானது, அதற்கான வைத்தியமும் சரியானது. ஒன்றைக் கண்டுபிடித்த நிறைவில் இரண்டாவதைத் தேடவில்லை. டிரைவர் சொன்ன 'ஒரு மாதிரி', 'வேற மாதிரி' என்ற இரண்டு சத்தத்தில் ஒன்றைத்தான் எடுத்திருந்தேன். பதினெட்டு வயதுப் பையனின் காது அன்று என் அனுபவத்தைவிடச் சரியாகக் கேட்டது.

ஆறு நாள் கழித்து

வண்டி திரும்ப வந்தது. ஏர்போர்ட் போன வழியில், வாலாஜா டோல்கேட் தாண்டியதிலிருந்து சத்தம் விடவே இல்லை என்றார். "பின்னாடி படுத்துனு வந்த அம்மா எழுந்து உக்காந்துட்டாங்கண்ணா. வண்டி வெடிச்சுடுமான்னு கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது?" அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்தமுறை எதையும் கழற்றுவதற்கு முன் அளப்பது என்று முடிவு செய்தோம். உள் பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கொக்கித் தராசால் 10 கிலோ இழுவை கொடுத்து, எவ்வளவு வளைகிறது என்று ஸ்கேலில் பார்த்தோம். இந்த வண்டிக்கான புத்தகம் 10 முதல் 12 மி.மீ. வரை சொல்கிறது. எங்களுக்குக் கிடைத்தது 4 மி.மீ. பெல்ட் வீணைத் தந்திபோல் நின்றிருந்தது. பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணையும் சரிபார்த்தோம். 'பிகே'வுக்கு முன்னால் இருப்பது வரிகளின் எண்ணிக்கை, பின்னால் இருப்பது மில்லிமீட்டரில் நீளம். இரண்டும் சரியானவையே. ஆகப் பெல்ட்டில் தவறு இல்லை, இறுக்கியதில்தான் தவறு.

பிறகு காது. நீளமான திருப்புளியின் நுனியை அசையாத உடல்மீது மட்டும் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக் கேட்பது பழைய முறை. ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது, எங்களிடம் இருக்கிறது. ஓடும் பெல்ட்டுக்குக் குனியும்போது கழுத்தில் தொங்கும் கார்டு, கையில் கட்டிய கோயில் கயிறு, லுங்கி நுனி எதுவும் இருக்கக் கூடாது என்பதைப் பையனுக்கு ஒவ்வொருமுறையும் சொல்கிறேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் உரக்கக் கேட்ட இடம் வாட்டர் பம்ப். டைனமோவில் அதைவிடக் குறைவு. இதை மட்டும் நம்பியிருந்தால் பம்பைக் கழற்றியிருப்போம். ஆனால் டைனமோவைத் தாங்கும் பிராக்கெட்டும் வாட்டர் பம்ப் வார்ப்பும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியவை. இரும்பும் அலுமினியமும் சத்தத்தை நன்றாகக் கடத்தும், அதனால் சத்தம் பிறந்த இடமும் உரக்கக் கேட்கும் இடமும் வேறுவேறாக இருக்கலாம்.

அடுத்து மின்சாரம். ஹெட்லைட், பிளோயர் இரண்டையும் போட்டதும் சத்தம் சற்றே கூடியது. டைனமோவில் மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் டயோடு போனாலும் இப்படி லோடு ஏறும்போது முனகும். பேட்டரி முனையில் 14.1 வோல்ட் சார்ஜ் இருந்தது. மீட்டரை மாறுதிசை மின்சார வோல்ட்டுக்குத் திருப்பி அளந்தால் 0.04. டயோடு போயிருந்தால் இந்த எண் பல மடங்கு ஏறியிருக்கும். டயோடு தப்பித்தது. அப்படியானால் லோடில் சத்தம் ஏன் கூடியது? லோடு ஏறும்போது டைனமோவைச் சுற்றுவது கடினமாகிறது, பெல்ட்டின் இழுவை கூடுகிறது, அந்தப் பாரம் பேரிங்கில் இறங்குகிறது. நாங்கள் கேட்டது அதைத்தான்.

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தது

காது சொல்வதும் மீட்டர் சொல்வதும் சந்தேகத்தைக் குறைக்கும். தீர்ப்பைச் சொல்வது பெல்ட்டைக் கழற்றும் சோதனைதான். எஞ்சின் ஆறிய பிறகு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துத் தொடங்கினோம்.

வெளிப் பெல்ட்டை மட்டும் கழற்றி 40 விநாடி ஓட்டினோம். சத்தம் அப்படியே இருந்தது. ஸ்டியரிங் பம்பும் ஏசி கம்ப்ரசரும் அப்போது சுற்றவே இல்லை. 9,500 ரூபாய்க்குப் பம்ப் மாற்றச் சொன்ன யோசனை இந்த 40 விநாடியில் முடிந்துபோனது. ஏசியைப் போட்டாலும் போடாவிட்டாலும் கம்ப்ரசர் புல்லி பெல்ட்டோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதனால் ஏசியை அணைத்துப் பார்த்துவிட்டுக் கம்ப்ரசரைக் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. பெல்ட்டைக் கழற்றினால்தான் அது முழுதாக நிற்கும்.

பிறகு உள் பெல்ட்டையும் கழற்றி ஸ்டார்ட் செய்தோம். 'கீ' இல்லை. வெறும் டீசல் எஞ்சினின் தடதடப்பு மட்டும். எஞ்சினுக்குள் டைமிங் பக்கத்துக் கோளாறாக இருந்தால் பெல்ட் இல்லாமலும் சத்தம் இருந்திருக்கும், அதுவும் விலகியது. 30 விநாடியில் நிறுத்திவிட்டோம். வாட்டர் பம்ப் சுற்றாததால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வேக்கம் பம்பும் சுற்றாததால் பிரேக் கல்போல் இருக்கும், இந்த நிலையில் வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது.

இப்போது மிச்சம் இருவர்: டைனமோ, வாட்டர் பம்ப். வாட்டர் பம்பைக் கையால் சுற்றினால் வழுவழுப்பாகச் சுற்றியது. ஆட்டிப் பார்த்தால் மயிரிழை ஆட்டம். அடியில் கசிவுக்காக விட்ட துளையின் ஓரத்தில் கூலண்ட் காய்ந்த வெளிர்ப் பொருக்கு கொஞ்சம், ஈரம் இல்லை. டைனமோ புல்லியைச் சுற்றியதும் கை சொல்லிவிட்டது: உப்புத்தாளின்மேல் நகத்தை இழுப்பதுபோல் ஒரு நறநறப்பு. பையனையும் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அவன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

டைனமோவைத் திறந்தபோது

டைனமோவை இறக்கி, வேக்கம் பம்பின் ஆயில் பைப்புகளைப் பிரித்து, எங்களுக்கு வழக்கமாகச் செய்துகொடுக்கும் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனோம். அங்குள்ள பெரியவர் புல்லி நட்டைக் கழற்றிவிட்டு முன்மூடியைத் திறந்தார். முன் பேரிங்கின் ரப்பர் மூடி உப்பி ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஏதும் இல்லை. காப்பித்தூள்போல் உலர்ந்த பழுப்புத் துகள்தான். பேரிங்கைப் பெட்ரோலில் கழுவி வெளிச்சத்தில் திருப்பினார். குண்டுகளில் இரண்டு லேசாக நீலம் பாய்ந்திருந்தன. அளவுக்கு மீறிச் சூடேறிய எஃகின் நிறம் அது. ஓடுபாதையில் ஒரே பக்கத்தில் மட்டும் மங்கலான தேய்மானம், பெல்ட் இழுக்கும் பக்கம்.

"பேரிங் தானா சாவல தம்பி. யாரோ கழுத்தப் புடிச்சு இழுத்துனே இருந்திருக்காங்க" என்றார் பெரியவர்.

முன் பேரிங் 6303. இந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் உள்துளையின் அளவைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கினால் போதும். அளவு ஒன்றாக இருந்தாலும் எண்ணுக்குப் பின் 'சி3' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். குண்டுக்கும் பாதைக்கும் இடையே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்ட பேரிங் என்று பொருள். சூட்டில் உலோகம் விரியும்போது சாதாரண பேரிங் பிடித்துக்கொள்ளும் இடத்தில் இது தாங்கும். வேலூரில் மே மாதம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது, பானெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். பின் பேரிங் நன்றாகவே இருந்தது. ஆனாலும் திறந்தது திறந்தாகிவிட்டது என்று அதையும் மாற்றினோம். இரண்டும் சேர்த்து 680 ரூபாய், கடைக் கூலி 500. எங்கள் கூலியை வாங்கவில்லை. முதல் நாளே முடித்திருக்க வேண்டிய வேலை இது.

மூலம்

டைனமோ பேரிங் போனதற்குக் காரணம் பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கியது. அவ்வளவு இறுக்கியதற்குக் காரணம் கிறீச் சத்தம். அந்தச் சத்தம் எதனால் வந்தது?

டிரைவர்கள் பழைய பெல்ட்டை எறிய மாட்டார்கள், வழியில் உதவும் என்று டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் போட்டு வைப்பார்கள். இவரும் வைத்திருந்தார். எடுத்து விரித்தோம். வரிகள் பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தன. ஒரு பக்கம் ரப்பர் ஊறி உப்பி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. சோப்பின் வெள்ளைத் தடம் வரிகளுக்கு இடையில் இன்னும் இருந்தது. முகர்ந்தால் ஸ்டியரிங் ஆயில் வாசம். வண்டியில் டப்பாவுக்கு நேர் கீழே டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஹோஸின் கிளிப்பிலிருந்து உள் புல்லி வரை புழுதி அப்பிய ஒரு கறுப்புத் தடம் இறங்கியிருந்தது.

ஆக, வரிசை இப்படி: ஹோஸ் இறுகிக் கிளிப் தளர்ந்தது. இரவு எஞ்சின் நின்றிருக்கும்போது டப்பாவின் உயரத்தால் ஆயில் கசிந்து பெல்ட்டில் இறங்கியது. பகலில் எஞ்சின் ஓடும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போனது. காலையில் ஆயில் நனைந்த பெல்ட் வழுக்கிக் கத்தியது. சத்தத்தை அடக்கப் புது பெல்ட் போட்டு நெம்பி இறுக்கினார்கள், ஹோஸை யாரும் பார்க்கவில்லை. நாளாக நாளாக விரிசல் கூடி ஆயில் நுரைத்து ஸ்டியரிங் முனகியது. இறுக்கத்தில் டைனமோ பேரிங் வெந்துபோனது. நான்கு அங்குல ரப்பர்த் துண்டு ஒன்று இரண்டு சத்தத்தையும் பெற்றிருக்கிறது. முதல் நாள் அந்த ஹோஸை மாற்றியபோது மூலத்தைச் சரிசெய்துவிட்டோம், ஆனால் அது ஏற்கெனவே செய்துவைத்த சேதம் டைனமோவுக்குள் இருந்தது.

முதலில் பார்த்த பட்டறையைக் குறை சொல்லி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. வரிசையில் ஆறு வண்டி நிற்கும்போது கத்துகிற பெல்ட்டை இறுக்கி அனுப்பாத மெக்கானிக் அபூர்வம். நானும் இறுக்கி அனுப்பியிருக்கிறேன்.

பிறகு நடந்தது

உள் பெல்ட்டை 11 மி.மீ. வளைவுக்கு வைத்தோம். புது பெல்ட் ஓடி நீண்டுகொடுக்கும் என்பதால், அதை மாற்றினால் சில நாளில் மறுபடி அளக்க வேண்டும். இது இரண்டு மாதம் ஓடிய பெல்ட், அதனால் ஒருமுறை போதும். டிரைவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பள்ளிகொண்டா டோல்கேட் வரை ஓட்டித் திரும்பினோம். 80 கி.மீ. வேகத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு, யாரும் பேசாமல் வந்தோம். டயர் சத்தம் மட்டும்தான்.

வாட்டர் பம்பைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அதுவும் அதே இறுக்கத்தைத்தான் இரண்டு மாதம் தாங்கியிருக்கிறது. ஆனால் சத்தம் இல்லை, ஈரம் இல்லை. புது பம்பும் கூலியும் சேர்த்து 4,000 தொடும். ஏற்கெனவே இரண்டு இடத்தில் செலவழித்தவரிடம், நன்றாக ஓடுகிற பொருளைக் கழற்றச் சொல்ல வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். துளை இருக்கும் இடத்தைக் காட்டி, தினமும் ஸ்டார்ட் செய்யும் முன் டார்ச் அடித்துப் பார்க்கும்படி மட்டும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலை போன் வந்தது. துளையில் சொட்டு நிற்கிறது, ஏழு மணிக்கு ஏர்போர்ட் சவாரி, என்ன செய்வது என்று கேட்டார். சவாரியை நண்பர் வண்டிக்கு மாற்றிவிட்டு இங்கே வரச் சொன்னேன். அன்று மதியமே பம்ப் மாற்றினோம். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறவில்லை, சிலிண்டர் ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தினமும் குனிந்து பார்த்ததால்தான் தப்பியது. பார்க்க மறந்த ஒரு நாளில் அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகு 20,000 கி.மீ. ஓடிவிட்டது. பெல்ட் பக்கத்திலிருந்து புகார் இல்லை. பழைய ஸ்டியரிங் பம்பே இன்றும் அந்த வண்டியில் இருக்கிறது.

இனி வேறு மாதிரி செய்வது

சத்தம் என்று வரும் எந்த வண்டிக்கும் டிரைவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதுகிறோம். 'ரவுண்டானாவில் ஒரு மாதிரி, ஹைவேயில் வேற மாதிரி' என்று எழுதியிருந்தால் முதல் நாளே இரண்டு கோளாறைத் தேடியிருப்பேன். எழுதிய ஒவ்வொரு சத்தத்துக்கும் எதிரே 'போனது', 'போகவில்லை' என்று குறிக்காமல் சாவியைக் கொடுப்பதில்லை.

பெல்ட்டைக் கழற்றும் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுவதில்லை. அதற்கு அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணியைக் கணக்கில் சேர்க்கிறோம். ஆறு நாளும் ஏர்போர்ட் வழியில் பட்ட பயமும் அதைவிடப் பெரிய செலவு. பெல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் வளைவை அளப்பதும் கட்டாயமாகிவிட்டது, தளர்த்திய பிறகு அந்தச் சாட்சி கிடைக்காது. அளந்த எண்ணை ரேடியேட்டருக்கு மேல் உள்ள தகட்டில் பெயிண்ட் பேனாவால் தேதியோடு எழுதுகிறோம். அடுத்து யார் நெம்பினாலும் அவர் கண்ணில் படும்.

வாட்டர் பம்ப் விஷயத்தில் நான் இன்று வேறு முடிவு எடுப்பேன் என்று சொல்லவில்லை. முடிவை நான் எடுத்ததுதான் சரியில்லை. பொருக்கு இருக்கிறது, அளவுக்கு மீறிய இறுக்கத்தில் ஓடியிருக்கிறது, 4,000 ஆகும், மாற்றாவிட்டால் இப்படி ஆகலாம் என்று நான்கையும் சொல்லிவிட்டு அவரைத் தேர்ந்தெடுக்க விட்டிருக்க வேண்டும். நோயாளிகளை ஏற்றி ஓட்டுகிறவர் அந்தக் கணக்கை என்னைவிட வேறு மாதிரிப் போட்டிருக்கலாம்.

பெல்ட் மாற்ற வரும் பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் ஸ்டியரிங் டப்பாவின் அடி ஹோஸைக் கையால் நெரித்துப் பார்ப்பது இப்போது பையனின் வேலை. இறுகியிருந்தால் என்னைக் கேட்காமலே புது ஹோஸை எடுத்து வைத்துவிடுகிறான்.